இனத்தைக் கேட்காத சேர்க்கை: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் எஞ்சியிருக்கும் வழிகள்

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய இனத்தை ஒரு காரணியாகக் கணக்கில் கொள்வது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 21 அன்று, அதாவது பதவியேற்ற மறுநாள், அதிபர் டிரம்ப் 14173ஆம் எண் ஆணையைப் பிறப்பித்து, 1965இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த 11246ஆம் எண் ஆணையை நீக்கினார். கூட்டாட்சி அரசிடம் ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள், வேலைக்கு ஆள் எடுக்கையில் பாகுபாடு காட்டாதிருப்பதோடு நில்லாமல், விடுபட்டுப்போன பிரிவினரைத் தேடிச் சென்று வாய்ப்பளிக்கவும் வேண்டும் என்ற அறுபதாண்டுக் கடமை அந்த ஒரே கையெழுத்தில் முடிந்துபோனது. 1961இல் கென்னடியின் ஆணையொன்றில் ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ (முனைந்து வாய்ப்பளித்தல்) என்று பெயர் பெற்று வளர்ந்த கொள்கை, கல்லூரி வாசலிலும் தொழிற்கூட வாசலிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தன் சட்ட ஆதாரத்தை இழந்திருக்கிறது.

இந்த முடிவுகள் நியாயமானவையா என்பது பற்றி எழுதிக் குவிக்கப்பட்டுவிட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவில் அமர்ந்திருப்பவரும், ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருப்பவரும், இனி என்ன செய்வது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் தங்கள் நிறுவனத்துக்குள் வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு செய்யப்படுகிறது. விரும்பாதவர்களுக்கு இதில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

தமிழ் வாசகர் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நமக்குப் பழக்கமான இடஒதுக்கீடு அமெரிக்க உயர்கல்வியில் 1978இலேயே முடிந்துவிட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி தன் 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. இடம் கிடைக்காத ஆலன் பக்கி என்ற வெள்ளையர் தொடுத்த வழக்கில் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று ஆனது. வகுப்பறையில் பலதரப்பட்ட மாணவர்கள் இருப்பது கல்விக்கே நல்லது, ஆகவே பல காரணிகளுள் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்று நீதிபதி லூயிஸ் பவல் விட்டுவைத்த சிறு இடைவெளிதான் அடுத்த 45 ஆண்டுகளுக்கு வழியாக இருந்தது. இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அடிமை முறைக்கும் அதன் பின்வந்த பிரிவினைச் சட்டங்களுக்கும் ஈடுசெய்தல் என்ற வலுவான வாதம் நீதிமன்றத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பன்முகத்தன்மை எல்லோருக்கும் பயன் தரும் என்ற மென்மையான வாதம் மட்டும் மிஞ்சியது. அளந்து காட்ட முடியாத அந்தப் பயனைத்தான் 2023இல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எளிதாகத் தள்ளிவிட்டார்.

1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியபோது, அதே ஆண்டு ஜூனிலேயே நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தி, இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4)ஆம் பிரிவைச் சேர்த்தது. அமெரிக்காவில் அப்படியொரு திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், அதன்பின் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இன்றைய அரசியலில் அதற்கு வாய்ப்பே இல்லை. ஆகவே நம் நாட்டில் நாடாளுமன்றம் தீர்த்துவைத்த ஒரு சிக்கலை, அங்கே ஒவ்வொரு சேர்க்கை அலுவலகமும் தனித்தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். விண்ணப்பத்தில் இனம் கேட்கும் கட்டத்தைத் தேர்வாளர்களின் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு, மற்றவை பழையபடியே நடக்கட்டும் என்று விட்டுவிடலாம். அதன் விளைவு 2024இல் சேர்ந்த மாணவர்களிடம் தெரிந்தது. எம்ஐடியில் முந்தைய ஆண்டுகளில் சராசரியாக 13 சதவீதமாக இருந்த கறுப்பின மாணவர்கள் 5 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 11 சதவீதம் 3 ஆனது. ஹார்வர்டில் 18 சதவீதம் 14 ஆனது. யேலிலும் பிரின்ஸ்டனிலும் விகிதம் ஏறத்தாழ மாறவே இல்லை, அதனாலேயே வழக்குத் தொடுத்த அமைப்பு அவர்களுக்குச் சந்தேகக் கடிதம் அனுப்பியது. ஒரே தீர்ப்புக்குக் கல்லூரிகள் இவ்வளவு வேறுபட்ட விளைவுகளைக் கண்டிருப்பதால், தீர்ப்புக்குப் பிறகும் கல்லூரியின் முடிவுகளுக்கு இடமிருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

ஒன்றும் செய்யாதிருப்பதன் நீண்டகால விளைவைக் கலிபோர்னியா முன்கூட்டியே காட்டிவிட்டது. 1996இல் அம்மாநில வாக்காளர்கள் 209ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, அரசுக் கல்லூரிகள் இனத்தைக் கணக்கில் கொள்வதைத் தடுத்தார்கள். 1998இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் வளாகங்களில் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர் சேர்க்கை செங்குத்தாகச் சரிந்தது. சேக்கரி ப்ளீமர் என்ற பொருளியலாளர் அந்த விண்ணப்பதாரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் தரத்தில் குறைந்த கல்லூரிகளுக்குத் தள்ளப்பட்டார்கள், பட்டம் பெறுவது குறைந்தது, பிற்காலச் சம்பாத்தியமும் குறைந்தது. தகுதிக்கு மீறிய கல்லூரியில் சேர்ந்து திணறுவதைவிடத் தமக்கேற்ற கல்லூரியில் சேர்ந்தால் இவர்கள் நன்றாக வருவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த வாதத்துக்கு இந்த ஆய்வு நேர் எதிரான சான்று. இழந்ததை மீட்க அப்பல்கலைக்கழகம் 50 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டதாக உச்ச நீதிமன்றத்தில் தானே தெரிவித்தது. அவ்வளவு செலவிட்ட பின்னும் மாநிலத்தின் மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தை எட்ட முடியவில்லை என்றும் சொன்னது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கதையும் இதுவே. 2006இல் அங்கே தடை வந்தபோது இளநிலை மாணவர்களில் 7 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் 2021இல் 4 சதவீதமாக இருந்தார்கள்.

அடுத்த வழி, ராபர்ட்ஸின் தீர்ப்பிலேயே உள்ள ஒரு வாசகத்தைப் பற்றிக்கொள்வது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் தம் கட்டுரையில் எழுதினால், அதை அவருடைய மன உறுதிக்கோ தலைமைப் பண்புக்கோ சான்றாகக் கருதலாம் என்று அது சொல்கிறது. பல கல்லூரிகள் அந்த ஆண்டே கட்டுரைத் தலைப்புகளை மாற்றின. எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை. ஒன்று, நேரடியாகச் செய்யக்கூடாததை மறைமுகமாகவும் செய்யக்கூடாது என்று அதே பத்தி எச்சரிக்கிறது, இன்றைய அரசின் நீதி அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் அந்த எச்சரிக்கையைத்தான் கையில் எடுத்துக்கொண்டு கல்லூரிகளிடம் சேர்க்கைப் புள்ளிவிவரங்களைக் கேட்கின்றன. இன்னொன்று, பதினேழு வயதுப் பிள்ளை இடம் வேண்டுமானால் தன் குடும்பம் பட்ட அவமானத்தைத் திறம்பட எழுதிக் காட்ட வேண்டும் என்பது கண்ணியமான ஏற்பாடு ஆகாது. அதைத் திறம்பட எழுதக் கற்றுத்தரும் ஆலோசகர்களை அமர்த்திக்கொள்ள வசதி உள்ளவர்களே அதிலும் முந்துவார்கள்.

டெக்சாஸ் மாநிலம் கண்ட வழி இதைவிட நேர்மையானது, அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1996இல் ஹாப்வுட் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அங்கே இன அடிப்படையிலான சேர்க்கையைத் தடுத்தது. மறு ஆண்டே, இர்மா ரேஞ்சல் என்ற மெக்சிக வம்சாவளிச் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் முதல் 10 சதவீதத்தில் தேறும் மாணவர், நுழைவுத் தேர்வு மதிப்பெண் எதுவாக இருந்தாலும், எந்த அரசுப் பல்கலைக்கழகத்திலும் இடம் பெறுவார் என்றது அந்தச் சட்டம். அதுவரை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மாணவர்களை அனுப்பியவை பெரும்பாலும் டல்லஸ், ஹூஸ்டன் நகரங்களின் வசதியான புறநகர்ப் பள்ளிகள். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் எல்லையோர ஊர்களும் மேற்கு டெக்சாஸின் பருத்தி விளையும் சிற்றூர்களும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருந்ததில்லை. புதிய சட்டத்துக்குக் கறுப்பின, ஹிஸ்பானியப் பிரதிநிதிகளோடு கிராமப்புற வெள்ளைப் பிரதிநிதிகளும் வாக்களித்ததற்குக் காரணம் இதுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் இடம் உண்டு என்பதை அவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சட்டம் நிலைத்து நிற்பதற்கும் இந்தக் கூட்டணியே காரணம்.

இதனால் யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. சான்ட்ரா பிளாக், ஜெஃப்ரி டென்னிங், ஜெஸ்ஸி ராத்ஸ்டைன் ஆகிய மூவரும் செய்த ஆய்வில், இத்திட்டத்தால் ஆஸ்டினுக்குள் வந்தவர்கள் பட்டம் பெறுவதிலும் சம்பாத்தியத்திலும் தெளிவாக முன்னேறினார்கள். இடமிழந்து வேறு கல்லூரிகளுக்குப் போனவர்களிடம் அதற்கு ஈடான சரிவு எதுவும் தென்படவில்லை. நல்ல கல்லூரியின் இடம் யாருக்கு அதிகம் பயன்படுகிறது என்று கேட்டால், வேறு வழி இல்லாதவருக்கே என்பது இதன் பொருள். ஆனால் சட்டம் தானாக இதைச் செய்துவிடவில்லை. அதுவரை ஆஸ்டினுக்கு மாணவர்களை அனுப்பாத பள்ளிகளுக்குப் பல்கலைக்கழகம் ஆளனுப்பி, அப்பள்ளிகளுக்கென உதவித்தொகை வைத்து, வந்தவர்கள் முதல் ஆண்டில் தடுமாறாமல் பார்த்துக்கொண்டதும் சேர்ந்தே இந்தப் பலன்.

குறைகளும் சிறியவை அல்ல. பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால்தான் இத்திட்டம் வேலை செய்கிறது. பிரிவினை குறையக் குறைய இதன் பயனும் குறையும் என்பது ஒரு கசப்பான முரண். முதல் 10 சதவீதத்தில் இடம்பிடிப்பதற்காகப் போட்டி குறைந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் உண்டு. கூட்டம் தாங்காமல் 2009இல் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதன்பின் அங்கே தானியங்கிச் சேர்க்கைக்கான எல்லை படிப்படியாக இறங்கி, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு முதல் 5 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. முக்கியமான குறை வேறு: ஒரு மாநிலத்துக்குள் செல்லுபடியாகும் இந்தக் கணக்கு, நாடு முழுவதிலிருந்தும் ஆயிரத்து அறுநூறு பேரை மட்டும் எடுக்கும் ஹார்வர்டுக்குப் பொருந்தாது. நாட்டிலுள்ள உயர்நிலைப் பள்ளிகள் இருபதாயிரத்துக்கும் மேல். பள்ளிக்கு ஒருவர் என்றாலும் இடம் போதாது. மருத்துவம், சட்டம் போன்ற மேற்படிப்புகளுக்கோ இதில் வழியே இல்லை.

சட்டத்தின் கண்ணில் இது பாதுகாப்பானதா என்ற ஐயத்துக்கு, வர்ஜீனியாவில் உள்ள தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியின் வழக்கு ஒரு விடை. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் முதல் 1.5 சதவீத மாணவர்களுக்கு இடம் என்று அப்பள்ளி முறையை மாற்றியபோது, சேர்ந்தவர்களில் ஆசிய வம்சாவளியினரின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆனது. அவர்களில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களும் கணிசம். பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. இரண்டு நீதிபதிகள் மறுப்புத் தெரிவித்து எழுதியிருப்பதால் இந்தப் பாதுகாப்பு நிரந்தரமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்றைக்கு இது நிற்கிறது, அவ்வளவே.

இனத்துக்குப் பதிலாக வறுமையை அளவுகோலாகக் கொள்வது, இரு கட்சிகளிலும் ஆதரவாளர்கள் உள்ள வழி. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1978இல் இடஒதுக்கீட்டு வழக்கில் தோற்ற அதே டேவிஸ் மருத்துவக் கல்லூரி. 1996க்குப் பின் இனத்தைப் பார்க்கவே முடியாமல் போன அக்கல்லூரி, விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் 0 முதல் 99 வரையிலான ஓர் இன்னல் மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறது. குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, மருத்துவ வசதி குறைந்த பகுதியில் வளர்ந்தாரா, படிக்கும்போதே வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தாரா என்பவை அதில் அடங்கும். பாடத் தகுதியோடு இந்த மதிப்பெண்ணையும் சேர்த்தே நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். 2023 வாக்கில், 133 பேர் கொண்ட அதன் புதிய வகுப்பில் 14 சதவீதம் கறுப்பினத்தவர், 30 சதவீதம் ஹிஸ்பானியர். நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் இவ்விரு பிரிவினரின் பங்கு முறையே 10, 12 சதவீதம்தான். பக்கியின் காலத்தில் 16 இடங்களை ஒதுக்கி அடைய முயன்றதை, ஓர் இடத்தையும் ஒதுக்காமல் அக்கல்லூரி தாண்டியிருக்கிறது.

இதை எங்கும் அப்படியே நகலெடுக்க முடியும் என்று நம்புவது பிழை. ஏழைகள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் வெள்ளையர் அதிகம்; ஆகவே வருமானத்தை மட்டும் பார்த்தால் கறுப்பின மாணவரின் பங்கு பெரிதாக உயராது. அவர்களின் பின்தங்கல் வருமானத்தைவிடச் சொத்தில்தான் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 2022இல் அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் நடத்திய கணக்கெடுப்பின்படி, வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துடையது சுமார் 45,000 டாலர். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குச் சொந்த வீடும் பாட்டன் விட்டுச்சென்ற சேமிப்பும் இருக்கும். வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட பகுதியில் தலைமுறைகளாக வாடகைக்கு வாழ்ந்த மற்றதற்கு ஒன்றும் இருக்காது. எனவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரி வருமானத்தோடு சொத்தையும், குடியிருக்கும் வட்டாரத்தின் நிலையையும் கேட்டாக வேண்டும். அரசின் நிதியுதவி விண்ணப்பம் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்பதில்லை. தனியார் கல்லூரிகள் பல பயன்படுத்தும் சிஎஸ்எஸ் படிவம் கேட்கிறது. இந்த நுணுக்கத்தில்தான் திட்டத்தின் வெற்றி தோல்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். செலவும் ஒரு தடை: ஏழை மாணவரைச் சேர்த்தால் அவருடைய கட்டணத்தையும் கல்லூரியே ஏற்க வேண்டும், பெரும் அறக்கொடை நிதி இல்லாத கல்லூரிக்கு அது எளிதல்ல.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய ஒன்று, பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டும் வாரிசுச் சலுகையை நிறுத்துவது. ஹார்வர்ட் வழக்கில் வெளிவந்த தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அங்கே சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர், பழைய மாணவரின் பிள்ளை, கொடையாளருக்கு வேண்டியவர், ஆசிரியரின் பிள்ளை ஆகிய நான்கில் ஒரு வகையினர் என்று காட்டினார்கள்; மற்ற இனத்தவரிடம் இந்தப் பங்கு 16 சதவீதத்துக்கும் குறைவு. தீர்ப்பு வந்த அடுத்த மாதம் ராஜ் செட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரே தேர்வு மதிப்பெண் பெற்ற நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட, நாட்டின் முதல் ஒரு சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை ஐவி லீக் எனப்படும் பழம்பெரும் தனியார் கல்லூரிகளிலும் அவற்றுக்கு இணையானவற்றிலும் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. இனத்துக்குத் தந்த சிறு முன்னுரிமையை நீதிமன்றம் வரை இழுத்தவர்கள் இந்தப் பெரும் முன்னுரிமையைக் கண்டுகொள்ளவில்லை என்பதை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது.

கொலராடோ, வர்ஜீனியா, மேரிலாந்து, இல்லினாய், கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் வெவ்வேறு அளவில் இதைத் தடை செய்துள்ளன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமோ மாநில உதவித்தொகையைக் கைவிட்டாவது வாரிசுச் சலுகையைத் தொடர்வது என்று முடிவெடுத்தது. அது எவ்வளவு மதிப்புள்ள சலுகை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எம்ஐடியும் கால்டெக்கும் அந்தச் சலுகை இன்றியே உலகின் முன்னணிக் கல்லூரிகளாக இருப்பதால், அது போனால் கொடை வற்றிவிடும் என்ற அச்சத்துக்கு வலு இல்லை. எனினும் இது மட்டும் போதுமா என்றால் போதாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2009இல் 12.5 சதவீதமாக இருந்த வாரிசு மாணவர்கள் பத்தாண்டில் 3.5 சதவீதமாகக் குறைந்தார்கள், ஏழை மாணவருக்கான கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவர்கள் 9 சதவீதத்திலிருந்து 19க்கு உயர்ந்தார்கள். ஆயினும் 2023 தீர்ப்புக்குப் பிறகு அங்கும் கறுப்பின மாணவரின் பங்கு கடுமையாகச் சரிந்தது. காலியாகும் இடத்தில் யாரை அமர்த்துவது என்பதற்கு வேறொரு விதி இல்லையென்றால், அடுத்த நிலையில் உள்ள வசதியானவரே அங்கு வந்து அமர்வார்.

எனவே பல்கலைக்கழகத்தின் முடிவு அதன் தன்மையைப் பொறுத்தது. ஒரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சதவீதத் திட்டத்தைவிடச் சிறந்தது இல்லை. பள்ளிகளைத் தேடிப்போவதற்கும் முதல் ஆண்டு உதவிக்கும் பணம் ஒதுக்காமல் அதைத் தொடங்குவதில் மட்டும் பயன் இல்லை. நாடு முழுவதிலிருந்தும் சிலரைப் பொறுக்கும் தனியார் கல்லூரி, வாரிசுச் சலுகையை முதலில் நீக்கி, அந்த இடங்களைச் சொத்தையும் வட்டாரத்தையும் அளக்கும் இன்னல் மதிப்பெண்ணால் நிரப்ப வேண்டும். இனத்தை நேரடியாகப் பார்த்த பழைய முறை தந்த அளவை இவை சேர்ந்தும் தந்துவிடாது. அதை மறைத்துப் பேசுகிறவர்கள் பிறகு வரும் ஏமாற்றத்துக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நிறுவனங்களின் நிலைமை சட்டத்தால் வேறுபட்டது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் 7ஆம் தலைப்பு, வேலைக்கு ஆள் எடுக்கையில் இனம் பார்ப்பதை முதலிலிருந்தே தடை செய்கிறது. 2023 தீர்ப்பு இந்த விஷயத்தில் புதிதாக எதையும் சொல்லவில்லை. மாறியது வழக்குக்கான அச்சம். கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் உதவித்தொகை வழங்கிய ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியத்தின் மீது, அடிமைகளாக இருந்தவர்களின் உரிமைக்காக 1866இல் இயற்றப்பட்ட சட்டத்தையே கொண்டு வழக்குத் தொடுக்கப்பட்டு, 2024இல் அத்திட்டம் மூடப்பட்டது. 2025 ஜூனில் ஏம்ஸ் வழக்கில், பெரும்பான்மைப் பிரிவினர் தொடுக்கும் பாகுபாட்டு வழக்குக்குக் கூடுதல் சான்று கேட்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அரசு ஒப்பந்ததாரர்களோ தங்களிடம் சட்டவிரோதமான பன்முகத்தன்மைத் திட்டம் இல்லை என்று சான்றளிக்க வேண்டும். பொய்யானால் மும்மடங்கு இழப்பீடு கோரும் சட்டம் பாயும்.

இயக்குநர் குழுக்கள் மூன்று விதமாக எதிர்வினை செய்தன. வால்மார்ட், மெட்டா, மெக்டொனால்ட்ஸ், டார்கெட் போன்றவை இலக்குகளைக் கைவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தன. வேறு பல, துறையின் பெயரை மாற்றிவிட்டு அமைதியாக இருந்தன. காஸ்ட்கோ நின்று பேசியது. பன்முகத்தன்மைத் திட்டங்களின் அபாயத்தை ஆராய வேண்டும் என்ற தீர்மானத்தை 2025 ஜனவரியில் அதன் பங்குதாரர்கள் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் நிராகரித்தார்கள். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட மினியாபொலிஸ் நகரிலேயே தலைமையகத்தை வைத்திருக்கும் டார்கெட், 2020இல் பெரிதாக வாக்குறுதி அளித்து 2025இல் பின்வாங்கியபோது, கறுப்பினத் தேவாலயங்கள் புறக்கணிப்பை அறிவித்தன. அவ்வாண்டின் முதல் காலாண்டில் அதன் ஒப்பிடத்தக்க விற்பனை 3.8 சதவீதம் குறைந்தது. சுங்க வரியோடு இந்த எதிர்ப்பையும் காரணமாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. செய்யாததைவிட, செய்வதாகச் சொல்லிவிட்டுத் திரும்பியதே வாடிக்கையாளரை அதிகம் சினம் கொள்ளச் செய்தது என்பது என் கணிப்பு.

ஆனால் விட்டவர்களும் காத்தவர்களும் எதை விட்டார்கள், எதைக் காத்தார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. இந்தத் திட்டங்களில் பாதி பயனற்றவை என்பதை அவற்றை ஆதரிப்பவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும். ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர்கள் 800க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வகுப்பு நடத்திய நிறுவனங்களில், ஐந்தாண்டு கழித்து மேலாளர் பதவியில் இருந்த கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. கட்டாயப்படுத்தினால் எதிர்ப்பு முளைக்கிறது. பயிற்சி முடிந்ததும் கடமை முடிந்ததாக நிர்வாகமும் நினைத்துக்கொள்கிறது. மாறாக, மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாக இணைத்துவிடும் ஏற்பாடு, ஆள் எடுக்கப் புதிய கல்லூரிகளுக்குச் செல்வது, பதவி உயர்வுக்குக் காரணம் கேட்கும் ஒரு குழு ஆகியவை எண்ணிக்கையை உயர்த்தின. இவற்றில் எதுவும் இனத்தைக் காட்டிக் கதவை மூடுவதில்லை. எல்லோருக்கும் திறந்து வைத்தால் சட்டமும் குறுக்கே வராது.

தேர்வு முறையே நியாயமாக இருந்தால் திட்டமே தேவையில்லை என்று சொல்கிறவர்களுக்கு 2022இல் வெளியான இன்னொரு ஆய்வைக் காட்டலாம். பேட்ரிக் க்ளைனும் உடன் ஆய்வாளர்களும் 108 பெரு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 83,000 போலி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கறுப்பினப் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு குறைவாக வந்தது. ஆனால் அந்தப் பாகுபாட்டில் ஏறத்தாழ பாதி, ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களில் மட்டும் குவிந்திருந்தது. ஆள் எடுப்பதைத் தலைமையகத்தின் ஒரே துறை கவனித்த நிறுவனங்களில் பாகுபாடு குறைவு. அந்தந்தக் கடை மேலாளரின் விருப்பத்துக்கு விட்டவற்றில் அதிகம். ஆகவே இங்கே மருந்து எண் இலக்கில் இல்லை. நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பதும், பதிலுக்கு முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடுவதும், ஒவ்வொரு காலியிடத்தையும் தெரிந்தவர்களுக்குள் முடித்துக்கொள்ளாமல் வெளியே அறிவிப்பதும்தான் மருந்து.

கான்ராட் மில்லர் என்ற பொருளியலாளர் கண்டறிந்தது இந்த முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. அரசு ஒப்பந்தம் கிடைத்து 11246ஆம் ஆணைக்கு உட்பட்ட நிறுவனங்களில் கறுப்பினத் தொழிலாளரின் பங்கு உயர்ந்தது. ஒப்பந்தம் முடிந்து கடமை நீங்கிய பின்னும் அது தொடர்ந்து உயர்ந்துகொண்டே போனது. ஒருமுறை நல்ல முறையில் ஆளைத் தேடவும் சோதிக்கவும் கற்றுக்கொண்ட நிறுவனம், சட்டம் போனதும் அந்தத் திறமையை எறிந்துவிடவில்லை. 2025இல் ஆணை நீங்கிய நிறுவனங்களுக்கும் இதே வாய்ப்பு இருக்கிறது.

எனவே இயக்குநர் குழுவுக்கு நான் சொல்லக்கூடிய முடிவு இது. நிர்வாகிகளின் ஊக்கத்தொகையை இன விகிதத்தோடு பிணைக்கும் ஏற்பாட்டை விட்டுவிடலாம். அது வழக்குக்கு எளிய இலக்கு, பயனோ நிரூபிக்கப்படாதது. கட்டாயப் பயிற்சி வகுப்புகளையும் விடலாம், அதற்கு அரசின் மிரட்டல் ஒரு காரணமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. வழிகாட்டி ஏற்பாட்டையும், திறந்த அறிவிப்பையும், மதிப்பெண் முறை நேர்காணலையும், கறுப்பினக் கல்லூரிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் ஆள் தேடிச் செல்வதையும் வைத்துக்கொள்ள வேண்டும். யார் விண்ணப்பித்தார்கள், யார் எந்தக் கட்டத்தில் கழிக்கப்பட்டார்கள் என்ற உள்கணக்கை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. ஒரு தேர்வு முறை குறிப்பிட்ட பிரிவினரைக் காரணமின்றி வெளியேற்றினால் அது சட்டவிரோதம் என்று 1971இல் கிரிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் பிறந்த இன்னோர் ஆணை, அந்தக் கோட்பாட்டை அரசு முன்னின்று அமல்படுத்தாது என்று சொல்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்கும் உரிமை சட்டத்தில் அப்படியே இருக்கிறது, அவருடைய வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவதும் இந்தக் கணக்கைத்தான்.